ஆசி வாங்கிய ஆடு

எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்குத் தோலில் வருவதெல்லாம் சிரங்குதான். கொப்புளம் வந்தால் சிரங்கு, படை வந்தால் சிரங்கு, உண்ணி கடித்தாலும் சிரங்கு, முள் கிழித்துச் சீழ் வைத்தாலும் சிரங்கு. நோய் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று: தார். ஆட்டுக்குப் பூசுவார்கள், ஒட்டகத்துக்குப் பூசுவார்கள், ஒருவன் மாமியார் முழங்காலுக்குப் பூசினான் என்றுகூடக் கேள்வி. முப்பது வருஷமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன், "பூசித் தொலைக்காதீங்கடா, பூசினா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று. யார் காதில் விழுகிறது?

என் பெயர் புருல்சா. நாரின் மலைப்பக்கம் ஒரு மாவட்டக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. நோய்கண்ட தசையையும் தோலையும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் தோல் என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். மேலே தெரிவதை நான் நம்ப மாட்டேன், அடியில் என்ன நடக்கிறது என்றுதான் பார்ப்பேன். புண் வந்த இடத்துக்கு உடம்பு தன் ஆட்களை அனுப்பும். அந்த வெள்ளை அணுக்கள் எங்கே கூடி நிற்கின்றன என்பதில்தான் விஷயமே. ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிற தினுசைப் பார்த்தே உள்ளே கல்யாணமா, சண்டையா, சாவா என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்குதான். ரத்தக்குழாயைச் சுற்றிக் கூடிக் குழாயையே குதறியிருந்தால் ஒரு நோய், மயிர்க்காலைச் சுற்றி நின்றால் இன்னொரு நோய். தார் பூசிய தோலில் எல்லாமே வெந்துபோய்க் கிடக்கும். கூட்டமும் தெரியாது, வீடும் தெரியாது.

ஜூன் மாதம் ஜோல்சு என்கிற ஆட்டுக்காரனின் மந்தையில் ஆடுகளுக்கு உதடு வெடித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள், பாதி அவனுடையவை, பாதி ஊராருடையவை. கோடை மேய்ச்சலுக்கு மலையேறிக்கொண்டிருந்தவனைக் கணவாய்க்குக் கீழே சோதனைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். மாவட்டத் தலைமை ஆய்வாளர் மம்பெத்தாலி வந்தார், ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார், "ஆட்டம்மை" என்றார். அன்றைக்கே தலைநகருக்குப் போனிலும் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே காகிதம் வந்துவிட்டது: மந்தை முழுவதையும் கொன்று, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும்.

காகிதத்தின் நகல் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மம்பெத்தாலிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மாதிரி எடுத்தீங்களா?"

"எதுக்கு? கண்ணால பார்த்தேன்ல."

"கண்ணால பார்த்தா ஆயிரம் தெரியும். அது வாய்க்கொப்புளமா இருந்தா? ஒரு மாசத்துல தானா ஆறிடும். அதுக்குப் போயி முந்நூறு ஆட்டைக் கொல்லுவாங்களா?"

"இங்க பாரு புருல்சா, போன வருஷம் பக்கத்து மாவட்டத்துக்காரன் அம்மைய மறைச்சான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தப்பா கத்தினா சிரிப்பாங்க, அவ்வளவுதான். கத்தாம விட்டா வேலையே போயிடும். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு."

மனுஷன் கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி. காகிதத்தில் ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள். நோய்ப் புண்ணிலிருந்து எடுத்த மாதிரி ஆய்வகத்தில் பதிவாகியிருந்தால், முடிவு வரும்வரை ஆடுகளைத் தொடக் கூடாது. மாதிரி இல்லை என்றால் மறுநாளே குழி. உடனே ஜோல்சுவைக் கூப்பிட்டேன்.

"தார் பூசாத ஆடு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா. தார் தீர்ந்துபோச்சு."

"அதைக் கட்டி வை. பூசாதே, தொடாதே, அது பக்கத்துல மூச்சுகூட விடாதே. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் மம்பெத்தாலியின் ஜீப்பிலேயே போனேன். ஜூன் மாத வெயிலில் தோல் கையுறை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். ஜோல்சுவின் கூடாரத்துக்குக் கொஞ்சம் கீழே டயர் பஞ்சர். அவர் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பு சரியில்ல தங்கச்சி, நான் போயி உன் ஆட்டைத் தயாரா வைக்கச் சொல்றேன்" என்று நடந்துவிட்டார். டயரை நான்தான் மாற்றினேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது மைக்ரோஸ்கோப் பார்க்க.

முக்கால் மணி நேரம் கழித்து, கத்தி, ஊசி, ஃபார்மலின் பாட்டில் எல்லாம் உள்ள பெட்டியோடு மேலே ஏறினேன். கூடாரத்துக்குப் பின்னால் ஏதோ சீறுகிற சத்தம். ஜோல்சு தீ கக்குகிற ஒரு ஊதுவிளக்கைப் பிடித்து, கம்பியில் குத்திய ஆட்டுத் தலையை வாட்டிக்கொண்டிருந்தான். மயிர் பொசுங்கும் வாடை. உதடு கருகிச் சுருண்டு, பல் வெளியே தெரிந்தது.

"வாங்கக்கா" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக.

"ஜோல்சு, இது எந்த ஆடு?"

"நீங்க கட்டி வைக்கச் சொன்ன ஆடுதான்."

எனக்குக் காலடியில் மலை நகர்ந்தது போலிருந்தது. பெட்டியைக் கீழே போட்டேன்.

"அட பாவி! உன்னைய மூச்சுகூட விடாதேன்னு சொன்னேனே! அதைப் போயி அறுத்து வச்சிருக்கியே!"

"நானா அக்கா அறுத்தேன்? அண்ணன் ஆசி குடுத்துட்டாரு!"

நடந்தது இதுதான். புண்ணைக் காட்டலாம் என்று ஜோல்சு அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து கூடார வாசலில் நிறுத்தியிருக்கிறான். மம்பெத்தாலி உள்ளே மெத்தையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருஷமாக ஊர் ஊராக விருந்தாளி. வாசலில் ஓர் ஆடு வந்து நின்றால் அது தன் மரியாதைக்கு அறுபடப் போகிற ஆடு என்பது அவர் எலும்பில் ஊறிய விஷயம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, "மந்தை பெருகட்டும், வீட்டுல நோய்நொடி இல்லாம இருக்கட்டும், ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். விருந்தாளி ஆசி கொடுத்த ஆட்டைத் திரும்ப மந்தைக்கு ஓட்டினால் வீடு விளங்காது. அப்படி ஓட்டியவன் எங்கள் மலையில் ஒருத்தனும் இல்லை.

நான் உள்ளே போய் நின்றேன். மம்பெத்தாலிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"பழக்கதோஷம், தங்கச்சி" என்றார்.

"நோய்நொடி இல்லாம இருக்கட்டும்னு வாய் நெறய வாழ்த்திட்டு, நோய்க்கு இருந்த ஒரே சாட்சியை அறுக்க விட்டிருக்கீங்களே! உங்களுக்கு ஆசி குடுக்க வேற நேரமே கிடைக்கலையா?"

"சாட்சி இருந்தாலும் அம்மைதான், இல்லாட்டியும் அம்மைதான். பொக்லைன் கீழேருந்து கெளம்பிடுச்சு."

வாசலில் நின்று பார்த்தேன். பள்ளத்தாக்கில், மலைப்பாதையின் முதல் வளைவில், மஞ்சளாகப் புள்ளி மாதிரி ஒரு பொக்லைன் ஏறிக்கொண்டிருந்தது. மாலைக்குள் வந்துவிடும். ஜோல்சுவும் அதைப் பார்த்தான். ஊதுவிளக்கை அணைத்துவிட்டுத் தலையைச் சட்டியில் போட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. மற்ற ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. வாலடியில், தொடை இடுக்கில், மடியில் ஒரு பொட்டுப் புண் இல்லை. அம்மை என்றால் அங்கேதான் முதலில் வரும். ஆனால் உதடெல்லாம் தார். கத்தியால் சுரண்டினால் கரி வந்தது, தோல் வரவில்லை. திரும்பி வந்து மம்பெத்தாலியிடம் சொன்னேன்.

"வாயால சொன்னா ஆச்சா? மாதிரி எங்கே?" என்றார்.

"உங்களுக்காகச் சட்டியில வெந்துக்கிட்டிருக்கு."

மூன்று மணி நேரம் வெந்தது. ஜோல்சுவின் மனைவி உல்கான் விரிப்பைப் போட்டாள். ஆறடி உயரம், அதற்கேற்ற வாய். முதலில் வந்தது நுரையீரல். பாலும் வெண்ணெயும் ஊற்றி ஊத வைத்து, கட்டி, வேகவைத்து, துண்டு போட்டது. நான் ஒரு துண்டை எடுத்துக் கூரைத் துளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அம்மை வந்த ஆட்டின் நுரையீரலில் கெட்டி கெட்டியாக முடிச்சு இருக்கும். இதில் ஒன்று இல்லை. பிறகு மென்றும் பார்த்தேன். முப்பது வருஷ வேலையில் பல்லால் நான் செய்த ஒரே பரிசோதனை அதுதான்.

"என்னக்கா, உப்பு பத்தலையா?" என்றாள் உல்கான்.

"சுத்தமா இருக்கு. முடிச்சே இல்ல."

"நான் செஞ்சா ஏன் முடிச்சு இருக்கப்போகுது?" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

"ஒரு ஆட்டுல இல்லைன்னா மந்தையில இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் மம்பெத்தாலி, நான்காவது துண்டை விழுங்கிக்கொண்டு.

அடுத்தது எங்கள் ஐந்துவிரல். கையால் வெட்டிய மாவு நாடா, மேலே பொடியாக அரிந்த கறி. பெயரிலேயே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. உல்கான் செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து எல்லார் கைக்கும் தண்ணீர் ஊற்றினாள். மம்பெத்தாலி இடதுகையை மட்டும் நீட்டினார்.

"வலதுகை எங்கண்ணே? வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்றாள்.

"ஒரு கை போதும்மா" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்தார்.

ஜோல்சு தலையைக் குனிந்துகொண்டான். ஆட்டை இழக்கப்போகிற வீட்டில் இந்த அவமானம் வேறு என்று அவனுக்குக் கண் கலங்கியது. உல்கான் செம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, எங்க ஆட்டைக் கொல்லுங்க. அது உங்க உத்தியோகம். ஆனா நான் விடியக்காலைலேருந்து பிசைஞ்ச மாவைப் போயி கரண்டியால குத்தித் தின்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். என் கை அவ்வளவு அழுக்கா?"

"அதுக்கில்லம்மா, குளிருது..."

"ஜூன்லயா?"

சொல்லிக்கொண்டே அவர் வலதுகை மணிக்கட்டைப் பிடித்தாள். தலைமை ஆய்வாளர் என்றெல்லாம் பார்க்கவில்லை. முரட்டுக் கிடாவைப் பிடித்து மயிர் கத்தரிக்கிற கை அது. ஒரே இழுப்பில் கையுறை வந்துவிட்டது. உள்ளே கட்டைவிரலில் அழுக்குத் துணி. அதையும் உருவினாள்.

"ஐயோ, இது என்ன கண்ணு மாதிரி முழிக்குது?" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் முட்டிக்குப் பக்கத்தில் நல்ல வாதுமைக்கொட்டை அளவு வீக்கம். நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வளையம், அதற்கும் வெளியே மறுபடி சிவப்பு. வாயில் இருந்த நாடாவை அப்படியே விழுங்கினேன்.

"இது என்னண்ணே?"

"சமோவார் சுட்டுடுச்சு."

"சமோவார் அளவெடுத்து வளையம் வளையமா சுடுமா? உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு வந்தப்ப ஆட்டு வாய்க்குள்ள விரலை விட்டீங்களா?"

"பல்லைப் பார்த்தேன். லேசா கடிச்சுது."

"கையுறை போட்டிருந்தீங்களா?"

"ஆட்டுக்கா?"

"உங்களுக்கு!"

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்கு மட்டும் வேண்டும், நான் கண்ணாடி வைத்துப் பார்த்தே சோறு தின்கிறவள். ஆனாலும் அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை. ஜோல்சு பக்கம் திரும்பினேன்.

"ஜோல்சு, கேட்டுக்கோ. ஆட்டம்மை மனுஷனுக்கு ஒட்டாது. உலகத்துல எங்கேயும் ஒட்டாது. வாய்க்கொப்புளம் ஒட்டும். கடிபட்ட விரல்ல, பத்து நாள்ல, இதே மாதிரி வளையம் போட்டு நிக்கும். நம்ம அண்ணன் உன் ஆட்டு நோயை விரல்லயே பத்திரமா வச்சிருக்காரு!"

ஜோல்சு என் முகத்தையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப ஆடு பொழச்சிடுமா அக்கா?"

"இதுலேருந்து ஒரு பருப்பு அளவு வெட்டி ஃபார்மலின்ல போட்டா பொழச்சிடும்."

மம்பெத்தாலி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வெட்டறதா? நான் என்ன ஆடா? நீ மாட்டு டாக்டர், மனுஷனைத் தொட்டா உன் லைசென்ஸ் போயிடும். தெரியுமில்ல?"

அது உண்மைதான். நான் தயங்கினேன். உல்கான் தயங்கவில்லை.

"மூணு மணி நேரமா உக்காந்து மேஞ்சாரே, ஆடுன்னே வச்சுக்குங்கக்கா."

"வாயை மூடும்மா!" என்று கத்தினார் அவர். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "புருல்சா, யோசிச்சுப் பாரு. அம்மைன்னு தலைநகர் வரைக்கும் சொல்லிட்டேன். இப்போ என் விரல்லயே வேற நோய்னு தெரிஞ்சா, ஓய்வு வாங்கற வரைக்கும் என்னைய வச்சு சிரிப்பாங்க. எங்க போனாலும் விரலைக் காட்டச் சொல்லுவாங்க. என் மருமகன் ஒருத்தன் போதும்."

"அப்ப எதுக்கு ஒளிச்சீங்க? உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கு."

அந்த நேரம் பார்த்து வெளியே பொக்லைன் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்த பையன் தலையை உள்ளே நீட்டினான்.

"சார், குழி எங்க தோண்டணும்?"

மம்பெத்தாலி தரையைப் பார்த்தார். ஜோல்சு எழுந்து வெளியே போனான். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். பொக்லைன் முன்னால் அவன் நடந்து நடந்து இடம் காட்டினான்.

"அங்க வேணாம் தம்பி, அது தண்ணிக்குப் போற வழி. மிதிச்சுத்தான் போவுங்க." இன்னும் பத்தடி நடந்தான். "இங்கயும் வேணாம். குட்டிங்க மத்தியானம் படுக்கற எடம்." சரிவில் ஏறினான், இறங்கினான். "இந்தப் பக்கம்... இங்க காத்து அடிக்கும், குளிரும்."

புதைக்கப்போகிற ஆட்டுக்குக் குளிரும் என்று சொன்னவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆடுகள் என்னவோ ஏதோ என்று அவனைச் சுற்றி வந்து நின்றன. ஒன்று அவன் தொப்பியைக் கடித்தது. இந்த மனுஷரை அடித்துப் போட்டாவது விரலை வெட்டலாமா என்றுகூட நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

மம்பெத்தாலி உள்ளே போனார். விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலை வைத்தார்.

"வெட்டு" என்றார்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா ஓடிடுவேன். சீக்கிரம் வெட்டித் தொலை."

மரத்துப்போக ஊசி போட்டேன். "மரத்துப்போச்சான்னு சொல்லுங்க."

"நீ ஊசிய எடுத்தப்பவே மரத்துப்போச்சு."

உல்கான் அவர் தலையைத் தன் விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், கிடாவைப் பிடிக்கிற அதே பிடி. இரண்டு நிமிஷ வேலை. துண்டு பாட்டிலில் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார்.

பிறகுதான் பெரிய தொல்லை. படிவம். கால்நடை ஆய்வகத்தில் மனுஷத் தோலைப் பதிய முடியாது. நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன இனம்னு கேக்குது, அண்ணே."

அவர் பெருமூச்சு விட்டார். "ஆடுன்னு எழுது."

"கிடான்னு சேர்த்துக்குங்கக்கா" என்றாள் உல்கான்.

"வயசு?"

"ஐம்பத்திநாலு. அதுல பொய் எழுதாதே, அரசாங்கக் காகிதம்."

"உரிமையாளர் பேரு?"

"எங்க வீட்டுக்காரி பேரைப் போடு" என்றார்.

பொக்லைன் பையனை உள்ளே கூப்பிட்டு மிச்சமிருந்த கறியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலை ஸ்லைடு தயாரானது. மம்பெத்தாலி, விரலில் பெரிய கட்டோடு, என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை வைத்தேன். மேல்தோல் தடித்து அடிநோக்கி விரல் விரலாக இறங்கியிருந்தது. மேலடுக்குச் செல்கள் உப்பி ஊதியிருந்தன. சில செல்களுக்குள்ளே இளஞ்சிவப்பாக, அந்த நோய் மட்டும் போடுகிற சிறு உருண்டைகள். கீழே ரத்தக்குழாய்கள் முழுசாக, சுவர் கலையாமல் இருந்தன. அம்மை குதறிய குழாய் ஒன்றுகூட இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை. வாய்க்கொப்புளம். என் கண்ணாடி நனைந்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"என்ன?" என்றார்.

"சிரிப்பாங்க அண்ணே. நல்லா சிரிப்பாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலைநகருக்குப் போன் போட்டார். பெரிய அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. நான் அப்போதே ஃபேக்ஸ் செய்த காகிதத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"யோவ் மம்பெத்தாலி, வயசு ஐம்பத்திநாலுன்னு போட்டிருக்கு. எந்த ஊருலய்யா ஐம்பத்திநாலு வயசு ஆடு இருக்கு?"

மம்பெத்தாலி என்னைப் பார்த்தார். எழுத்துப் பிழை என்று சொல்லியிருக்கலாம். பழியை என் தலையில் போட்டிருக்கலாம். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அது நான்தான் சார். தப்பாப் பார்த்தவனும் நான்தான். என் விரலை வெட்டித்தான் அனுப்பினோம்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. அது பக்கத்து மேஜைக்குப் பரவி, பிறகு ஒரு ஆபீசே சிரிக்கிற சத்தம் போனில் வந்தது. மம்பெத்தாலி காது சிவக்க, போனைக் காதிலிருந்து எடுக்காமல், சிரிப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவு வயசான கிடாவை இன்னும் ஏன்யா வச்சிருக்கீங்க? அடிச்சுத் தின்ன வேண்டியதுதானே?" என்றார் அதிகாரி மூச்சு வாங்க.

"கெழட்டுக் கிடாதான் சார். ஆனா முந்நூத்திப் பதினோரு ஆட்டைக் காப்பாத்தியிருக்கு. கேட்டைத் திறக்க உத்தரவு குடுங்க."

உத்தரவு கிடைத்தது. உடனே ஜோல்சுவைக் கூப்பிட்டார். "ஏறுடா மேல" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் ஜோல்சு உடனே மந்தையை ஓட்டியிருக்கிறான். போனைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். ஆடுகளின் கத்தல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மம்பெத்தாலி அதை ரொம்ப நேரம், ஒரு வார்த்தை தவறாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எல்லாரும் நல்லா இருக்காங்களாம்."